தலை போன கவலை

"நார்த் மெட்ராஸா? அங்க யாரு பாஸ் கிரிப்டிக் எல்லாம் போடுறாங்க?"

அலுவலக கேன்டீனில் ஒருவர் என்னிடம் கேட்டது இது. கெட்ட மனிதர் அல்ல. தினமும் ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். மதியச் சாப்பாட்டின்போது அதைப் பிரிப்பார். அன்று ஒரு குறிப்பில் பத்து நிமிடமாக மாட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்த நான் விடையைச் சொல்லிவிட்டேன். பேச்சு வளர்ந்து, என் வீடு திருவொற்றியூர் என்று தெரிந்ததும் மேற்படி கேள்வி வந்தது. அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்பதுதான் விசேஷம். அந்தப் பக்கத்தில் இருந்து வந்தும் இந்த அளவுக்கு மூளையா, பேஷ், பேஷ்!

நான் சிரித்து வைத்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றுவரை என் மேல் எனக்குக் கோபம் உண்டு. அன்று சொல்ல வேண்டியதை இன்று சொல்கிறேன். கொஞ்சம் காரம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிரிப்டிக் தெரியாதவர்களுக்காக. சாதாரணக் குறுக்கெழுத்தில் 'அரசன் (4)' என்று இருந்தால் வேந்தன் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். கிரிப்டிக்கில் ஒரே வரிக்குள் இரண்டு வழிகள் ஒளிந்திருக்கும். ஒரு துண்டு விடையின் பொருளைச் சொல்லும். இன்னொரு துண்டு அந்தச் சொல்லை எப்படிக் கட்டுவது என்று சொல்லும். இரண்டும் சேர்ந்து வேறெதையோ பேசுவது மாதிரி நடிக்கும். எங்கள் கூட்டத்தில் செய்த ஒன்று:

திரும்பப் படி, ஒற்றியூர் ஈசனைக் கூப்பிடு (2)

கேட்டால் யாரோ பெரியவர் பக்தியாகப் புத்தி சொல்வது போல இருக்கும். பக்தியை மறந்துவிடுங்கள். 'படி' என்றால் வாசி. 'திரும்ப' என்றால் மறுபடி அல்ல, பின்னிருந்து முன்னால். வாசியைத் திருப்பினால் சிவா. திருவொற்றியூர்க் கோயிலில் இருப்பவரைக் கூப்பிட்டாயிற்று. எந்த இடத்தில் வரியை வெட்டுவது என்பதுதான் மொத்த வித்தையும். என் தொழிலில் இதைப் பார்சிங் என்பார்கள், அதற்குச் சம்பளமும் தருவார்கள்.

எங்கள் கூட்டம் என்றேன் இல்லையா, நாலே பேர். நான். அரசுப் பள்ளியில் தமிழ் நடத்தும் ஓர் அக்கா. எண்ணூர் குப்பத்தில் பிறந்து இப்போது கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கும் ஒருவன். ராயபுரத்துக்காரன் இன்னொருவன், சரக்குக் கப்பலில் போகிறவன், வருடத்தில் நாலைந்து மாதம்தான் கரையில் இருப்பான். கூடுவது தேரடிப் பக்கம் ஒரு டீக்கடையில், ஞாயிறு சாயங்காலம்.

கப்பல்காரனை இந்த ஆட்டத்துக்குள் இழுத்த நாள் மறக்காது. ஓர் ஆங்கிலக் கட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு, கல்லூரி நூலகத்தில் நான் மனப்பாடம் செய்த பட்டியலின் திமிரோடு அவனுக்குப் பாடம் எடுத்தேன். "மச்சி, க்ளூல மாலுமின்னு வந்தா ஏ.பி.ன்னு ரெண்டு எழுத்து போடணும். அது ஒரு ரூல்."

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "ரூலா? டேய், அது என் வேலைடா."

ஏ.பி. என்றால் ஏபிள் சீமேன். அவன் பேப்பரில் அச்சடித்திருக்கும் பதவி. ஓ.எஸ். என்றால் ஆர்டினரி சீமேன், குறுக்கெழுத்துக்காரர்கள் அடிக்கடி எடுத்தாளும் இன்னொரு இரண்டெழுத்து. அது இவன் முதன்முதலில் கப்பல் ஏறியபோது இருந்த பதவி. கேன்டீன் நண்பர் அகராதியில் படித்து வைத்திருப்பதை இவன் தோள்பட்டை வலியாகத் தெரிந்து வைத்திருக்கிறான். குறுக்கெழுத்து போட வேறொரு வர்க்கத்தில் பிறந்திருக்க வேண்டும் என்று எனக்கே உள்ளூர ஒரு எண்ணம் இருந்தது. அது உடைந்தது அன்றைக்குத்தான்.

சரித்திரமும் கேன்டீன் நண்பருக்குச் சாதகமாக இல்லை. 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் நாளிதழில் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்ட ஆர்தர் வின், இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். துறைமுக ஊர். பிழைக்க அமெரிக்கா போனவர். அவர் செய்தது எளிய ஆட்டம். அதை வாங்கி முறுக்கேற்றியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். எட்வர்ட் பாவிஸ் மாதர்ஸ் 1926 முதல் 'அப்சர்வர்' இதழில் கிரிப்டிக் அமைத்தார். அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கிமாடா. ஸ்பெயினில் மதவிசாரணை என்ற பெயரில் மனிதர்களை வதைத்த தலைமை விசாரணைக்காரனின் பெயர் அது. அவருக்குப் பின் வந்தவர் சிமனெஸ், அதுவும் ஒரு விசாரணைக்காரனின் பெயர்தான். அடுத்தவர் அஸெட். டெஸா என்ற இன்னொரு விசாரணைக்காரனின் பெயரைத் திருப்பிப் போட்டால் வருவது. ரசித்துச் சிரிக்க வேண்டிய நகைச்சுவை என்பது புரிகிறது. ஆனால் நகைச்சுவைக்கு அடியில் ஒரு மனப்பான்மை தெரிகிறது: அமைப்பவன் வதைப்பவன், போடுபவன் வதைபடுபவன், தாங்குகிறாயா பார்க்கலாம்.

நம் பக்கம் மட்டும் யோக்கியம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். புலவர்களை வாதுக்கு அழைத்து, தோற்றால் காதை அறுத்துவிடுவாராம் வில்லிபுத்தூரார். அருணகிரிநாதர் வந்து, தகர வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து ஓர் அந்தாதிப் பாடலைச் சொன்னார். வில்லிபுத்தூராருக்குப் பொருள் சொல்ல வரவில்லை. கதைதான். ஆனால் கதையில் எனக்குப் பிடித்த இடம் அதற்குப் பிறகு வருகிறது. அருணகிரி காதை அறுக்கவில்லை. அந்த வழக்கத்தை விடச் சொன்னார், அவ்வளவுதான்.

இன்றும் கையில் துறட்டி இல்லாத வில்லிபுத்தூரார்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'எத்தனை நிமிஷத்துல போட்டே?', 'யாரையும் கேக்காம போட்டியா?' என்று கேட்பவர்கள். ஒருவரைக் கேட்டுப் போட்டால் அது பிட் அடித்ததாம். இவர்கள் வழக்கமாக எடுத்து நீட்டும் பதக்கம் பிளெட்ச்லி பார்க். 1942 ஜனவரியில் லண்டன் 'டெய்லி டெலிகிராஃப்', 12 நிமிடத்துக்குள் குறுக்கெழுத்தை முடிக்க முடியுமா என்று போட்டி வைத்தது. முடித்தவர்களில் சிலருக்குப் பிறகு ரகசியக் கடிதம் போய், ஜெர்மன் சங்கேதங்களை உடைக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். உண்மை. ஆனால் எடுத்த பிறகு என்ன செய்தார்கள் என்பதை ஏன் சொல்வதில்லை? ஆளுக்கொரு அறையில் பூட்டி வைக்கவில்லை. கொட்டகை கொட்டகையாக உட்காரவைத்தார்கள். கணக்குக்காரர், மொழிக்காரர், சதுரங்கக்காரர் எல்லோரும் ஒருவர் தோளுக்கு மேல் ஒருவர் எட்டிப் பார்த்துத்தான் உடைத்தார்கள்.

ஏன் கூட்டம் வேண்டும் என்பதற்கு எங்கள் மேஜையிலிருந்தே ஒன்று. யார்டுக்காரன் ஒரு ஞாயிறு கொண்டுவந்தான்:

பீச்சுக்குப் போய் எதைப் பார்ப்பே, எதைக் கொறிப்பே, எதைப் போடுவே? (3)

கொறிப்பது எனக்கு உடனே வந்துவிட்டது. கடலை. போடுவது கப்பல்காரனுக்கு வந்தது, அதில் அவனுக்கு அனுபவம் ஜாஸ்தி. ஆனால் 'பார்ப்பே' இடிக்கிறது. கடலையை யார் போய்ப் பார்ப்பார்கள்? இரண்டு டீ ஆயிற்று. அக்கா எங்கள் மூன்று பேரையும் எட்டாம் வகுப்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். "இரண்டாம் வேற்றுமைடா. கடல், கூட ஐ." கடலைப் பார்ப்பே! மூன்று அர்த்தங்களுக்கு மூன்று தலைகள் தேவைப்பட்டன. தனியாகப் போட்டிருந்தால் கட்டத்தில் நானும் கடலை என்றுதான் எழுதியிருப்பேன். முதல் கேள்வி புரியாமலே.

இப்போது இன்னொரு தரப்புக்கு வருகிறேன். இவர்கள் மேல்தான் எனக்குக் கூடுதல் கோபம், ஏனென்றால் நம்மவர்கள். 'கிரிப்டிக் எல்லாம் இங்கிலீஷுக்குத்தான் செட் ஆகும், தமிழ்ல வராது' என்பார்கள். சொல்பவர் தமிழ்ப் பற்றாளராக இருப்பார், பைக்கில் தமிழ் வாழ்க ஸ்டிக்கர் இருக்கும். மொழியைக் கர்ப்பக்கிரகத்தில் வைத்துப் பூட்டி வெளியே நின்று கும்பிடுகிறவர்கள். கும்பிடு போட்டுக்கொண்டே இருந்தால் அதைத் தொட்டுத் திருப்பி, உதறிப் பார்க்கும் துணிச்சல் எப்போது வரும்?

கிரிப்டிக்கின் அடிப்படை என்ன? எழுத்தைச் சேர், எழுத்தை மாற்று, எழுத்தை எடு. இதை நாம் பத்தாம் வகுப்பில் ரெண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறோம். நன்னூல் சொல்லும் விகாரப் புணர்ச்சி மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். பூவும் கொடியும் சேர்ந்தால் நடுவில் ஒரு ங் தோன்றும். பல்லும் பொடியும் சேர்ந்தால் ல் திரிந்து ற் ஆகும். மரமும் வேரும் சேர்ந்தால் ம் கெடும். 13-ஆம் நூற்றாண்டு பவணந்தி முனிவர் கிரிப்டிக் அமைப்பவனுக்குக் கையேடே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நாம் அதை மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கி, மறந்தோம்.

கொற்றலை கடலில் கலக்கும் இடம் எட்டுக் கிராமமா? (4)

எட்டு, வேறொரு சொல்லோடு சேரும்போது எண் ஆகும். எண்கோணம் மாதிரி. கிராமம் என்றால் ஊர். எண்ணும் ஊரும் சேரும்போது, குறிலுக்குப் பின்னால் தனியாக நிற்கிற ண், எதிரே உயிரெழுத்து வருவதைப் பார்த்துவிட்டு, துணைக்கு இன்னொரு ண்ணைக் கூப்பிட்டுக்கொள்கிறது. எண்ணூர். ஆங்கிலத்தில் ஒரு சொல்லோடு இன்னொன்றை ஒட்டினால் ஒட்டியது ஒட்டியபடி நிற்கும். தமிழில் ஒட்டும் இடத்திலேயே ஒரு சின்ன நாடகம் நடக்கிறது. இதை வைத்துக்கொண்டு 'வராது' என்றால் எனக்குப் பொறுக்கவில்லை.

விளையாட்டு நமக்குப் புதிதும் அல்ல. பாட்டு, உரை, நூல் என்று எதெல்லாம் யாப்புக்குள் வரும் என வகுக்கும் தொல்காப்பியர், அதே வரிசையில் பிசியையும் சேர்க்கிறார். பிசி என்றால் விடுகதை. சம்பந்தர் முன்னும் பின்னும் ஒன்றாகப் படிக்கும்படி மாலைமாற்றுப் பாடினார். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் வைத்துச் சிலேடை செய்தார், அவர் கோயில் மடைப்பள்ளியில் வேலை பார்த்தவர் என்றுதான் கதை. என்னை மிகவும் ஆட்டிப் படைத்தது இவை எதுவும் இல்லை. இலக்கணத்தில் குழூஉக்குறி என்று ஒரு பகுதி உண்டு, ஒவ்வொரு தொழிற்கூட்டமும் தங்களுக்குள் வைத்துக்கொள்ளும் ரகசியப் பெயர். அதற்கு உரைகாரர்கள் தரும் உதாரணம்: வேடர்கள் கள்ளைச் சொல்விளம்பி என்பார்கள். சொல்லை வெளியே வரவைப்பது! இதைவிட நல்ல கிரிப்டிக் குறிப்பை டார்க்கிமாடா எழுதியிருப்பாரா? எழுதியது பண்டிதர் இல்லை, காட்டில் வேட்டையாடிய ஆள்.

தமிழ்ப் பத்திரிகைகளின் குறுக்கெழுத்து மேல் எனக்குள்ள புகார் இதிலிருந்துதான் வருகிறது. டீக்கடை பேப்பரில் கட்டம் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் குறிப்பைப் பாருங்கள். 'மன்னர் (குழம்பியுள்ளார்)', 'மலர் (திரும்பியுள்ளது)'. சொல் கட்டத்துக்குள் ஒழுங்காக உட்காரவில்லை, அமைத்தவருக்கு நேரமில்லை, எழுத்துகளைக் கலைத்துப் போட்டுவிட்டு நம்மிடம் தகவல் சொல்கிறார். அங்கே மன்னர் குழம்பவில்லை. இத்தனைக்கும் செய்து காட்டியவர் இருக்கிறார். கணிதப் பேராசிரியரான வாஞ்சிநாதன், அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' மாத இதழில் பல ஆண்டுகள் அசல் தமிழ் கிரிப்டிக் அமைத்திருக்கிறார். தமிழில் வரும் என்பதற்குக் கலிஃபோர்னியாவில் சாட்சி இருக்கிறது. தேரடி டீக்கடைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

'இதெல்லாம் நேரம் இருக்கிறவன் வேலை, உழைக்கிற ஜனங்களுக்கு எதுக்கு' என்று அக்கறையோடு சொல்லும் தோழர்களும் உண்டு. அய்யா, மணலி–எண்ணூர் சாலைக்கு ஒரு ராத்திரி வந்து பாருங்கள். துறைமுகத்துக்குள் நுழையக் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் வரிசையைப் பாருங்கள். டிரைவர் மணிக்கணக்கில் ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக் கிடப்பார். கப்பல் பெர்த் கிடைக்காமல் வெளிக்கடலில் நிற்கும். ஷிஃப்ட் மாறக் காத்திருப்பு, படகு திரும்பக் காத்திருப்பு, ஏலம் தொடங்கக் காத்திருப்பு. காத்திருப்பு எங்களிடம் டன் கணக்கில் இருக்கிறது. அந்த நேரத்தை ரீல்ஸ்காரன் எடுத்துக்கொள்ளலாம், சூதாட்ட ஆப்காரன் எடுத்துக்கொள்ளலாம், சொல் விளையாட்டு மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாதா?

திறமை எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே முடிவு செய்கிறவர்களுக்கு வடசென்னை ஏற்கெனவே ஒரு பலகையில் பதில் சொல்லியிருக்கிறது. கேரம் பலகை. வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலக சாம்பியன். புதுவண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆட்டோ ஓட்டுநரின் மகள் காஸிமா, 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். எங்கள் ரத்தத்தில் ஏதோ கேரம் அணு இருக்கிறது என்றா இதற்கு அர்த்தம்? தெருவுக்குத் தெரு பலகை இருக்கிறது, கூட ஆட ஆள் இருக்கிறது, தப்பாக அடித்தால் 'இன்னாபா அடிக்கிற, இப்டி அடி' என்று காயைத் திருப்பி வைத்துக் காட்ட ஓர் அண்ணன் இருக்கிறார். பலகையும் கூட்டமும் இருக்கும் இடத்தில் சாம்பியன் வருகிறார். 'அங்க யாரு போடுறாங்க' என்ற கேள்விக்கு முன்னால், அங்கே யார் கட்டத்தைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேட்க வேண்டும். இல்லாத பலகையில் ஆடவில்லை என்று ஆளைக் குறை சொல்வது என்ன நியாயம்?

யார்டுக்காரன் முதலில் அதிகம் பேச மாட்டான். எங்கள் குறிப்புகளைக் கேட்டுவிட்டு டீ டம்ளரைச் சுற்றிக்கொண்டிருப்பான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொற்றலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது நினைவிருக்கும். படகெல்லாம் கறுப்பு, வலையெல்லாம் கறுப்பு. மீனவர்களே தண்ணீரில் இறங்கி எண்ணெயை மொண்டு பீப்பாயில் ஊற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அவன் அப்பாவின் வலைகளும் போயின. இரண்டு வாரம் கழித்துத்தான் கடைப்பக்கம் வந்தான். நாங்கள் என்ன கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம். அவனாகவே சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் பின்னால் எழுதித் தள்ளினான்.

தலை போன கவலை, மீனவன் கையில் (2)

கவலையின் முதல் எழுத்தை எடுத்துவிட்டால் வலை. அக்காதான் முதலில் கண்டுபிடித்தார். கண்டுபிடித்த பிறகு எதுவும் சொல்லாமல் அந்த அட்டையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பல வருடமாகப் பெரிய பெரிய ஆங்கில அமைப்பாளர்களின் குறிப்புகளைப் போட்டிருக்கிறேன். ஒரு குறிப்பு என் தொண்டையை அடைத்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு கட்டத்துக்குள் அவன் அப்பா, ஆறு, அந்த டிசம்பர், எல்லாம் இருந்தன. நாங்கள் மூன்று பேர் எதிரே உட்காராமல் இருந்திருந்தால் அவன் அதை எழுதியிருப்பானா என்று அடிக்கடி யோசிக்கிறேன். போடுவதற்கு ஆள் இல்லாமல் யாரும் குறிப்பு எழுதுவதில்லை.

கேன்டீன் நண்பரிடம் அதைக் காட்டினேன். படித்தார், விடை வந்தது, "க்ளெவர்" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "இது யாரு எழுதினது?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை விம்கோ நகர் மெட்ரோ ஏறித் தேரடியில் இறங்கச் சொல்லியிருக்கிறேன். இன்னும் வரவில்லை. வந்தால் டீ என் கணக்கு.

கப்பல்காரன் இப்போது கடலில். போன வாரம் அக்கா புதிதாக ஒன்று கொண்டுவந்தார்:

கப்பல்கள் ஒதுங்க ஓர் அரசு இலாகாவின் மூஞ்சி (5)

யார்டுக்காரன் அரை நிமிடத்தில் சிரித்துவிட்டான், தினமும் பார்க்கிற மூஞ்சி. கப்பல்காரனுக்கும் அனுப்பினோம். சிக்னல் கிடைத்த நேரத்தில் அவன் பதில் போட்டிருக்கிறான்: "யாரும் ஆன்சர் சொல்லாதீங்கடா. அக்கா, நீங்களும்தான். கரைக்கு வர்ற வரைக்கும் டைம் குடுங்க." கொடுத்திருக்கிறோம். வந்து சேரும்போது எப்படியும் அது அவன் கண்ணெதிரேதான் நிற்கும்.